ரசமட்டம் மூச்சு விடுகிறார்

எல்லாருடைய பாய்களையும் ஒரே வரிசைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ரசமட்டம் தன் பாயில் உட்காருவார். யோகா வகுப்புக்கு வரும் பெண்கள் முதலில் முறைத்தார்கள். இப்போது அவர் வரட்டும் என்று வேண்டுமென்றே கோணலாகப் போட்டுவைத்துக் காத்திருக்கிறார்கள். இடது கையால் விளிம்பைப் பிடித்து ஓர் இழுப்பு, கண்ணை இடுக்கி ஒரு பார்வை, மறுபடி ஓர் இழுப்பு. "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா, கோணலா எதையாவது பாத்துட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வராது" என்பார்.

வீடுகளுக்கு வர்ணம் பூசுவது அவர் தொழில். சுவர் மட்டமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கும் கருவியின் பெயரை, கூட வேலை செய்பவர்கள் அவருக்கு எப்போதோ சூட்டிவிட்டார்கள். சுவரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்; சீலிங் அவருடையது. புது வீட்டுக்குள் நுழைந்தால் செருப்பைக் கழற்றிய கையோடு தரையில் மல்லாந்து படுத்துவிடுவார். பெயிண்டர் மயங்கி விழுந்துவிட்டார் என்று வீட்டுக்காரர்கள் தண்ணீரும் கையுமாக ஓடிவந்தது உண்டு.

"சுவத்த வர்றவன் போறவன் எல்லாம் பாப்பான். சீலிங்க யாரு பாப்பா? நோவுல படுத்தவங்க பாப்பாங்க, புள்ள பெத்தவ பாப்பா. அவங்க கண்ணுக்கு அது நல்லா இருக்க வேணாமா?" இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் விளையாட்டு இருக்காது.

போன குளிர்காலத்தில் அவருடைய வலது தோள் மக்கர் பண்ண ஆரம்பித்தது. சட்டை மாட்ட மனைவி வேண்டியிருந்தது. பிறகு தலை வாரவும். மூட்டு இறுகிப்போயிருக்கிறது, பயிற்சியும் பொறுமையும்தான் மருந்து என்றார் டாக்டர். பயிற்சியைக் கூடச் செய்துவிடலாம், பொறுமைக்கு எந்தக் கடைக்குப் போவது? மனைவியின் தம்பி ஏணியில் நின்று சீலிங் அடித்தான். இவர் கீழ்ப்பாதிச் சுவரை அடித்தார். "எங்க மாமா இப்ப இடுப்பு வரைக்கும்தான் பெயிண்டர்" என்று அவன் விளையாட்டாகச் சொல்லப்போக, அன்று மதியச் சோற்றை அவர் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டார்.

மேஸ்திரி நல்ல மனிதர், நல்லபடியாகவே சொன்னார். "குளிர் விட்டதும் வேலை கொட்டப் போகுது. அதுக்குள்ள கை மேல போகலேன்னா உக்காந்து கலர் கலக்குங்க. யாரும் கொறைச்சுப் பேச மாட்டாங்க." அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைப் போட்டு அறுத்தது.

மனைவிதான் அவரை நூலகத்து மாடியில் நடக்கும் யோகா வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். "கையத் தூக்குங்கன்னு சொன்னா வாயத் தூக்குறாருங்க" என்று புகாரோடு டீச்சரிடம் ஒப்படைத்தார். அந்த மாடியில் மீசை வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான்.

குனிவது வந்தது, நிமிர்வது வந்தது. கை மட்டும் தோள் மட்டத்துக்கு வந்து அங்கேயே நின்றுகொண்டது. அதற்குமேல் முயன்றால் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைத்துவிடும். ஒருநாள் டீச்சர் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்து உற்றுப் பார்த்தார்.

"ஐயா, நீங்க மூச்சையே விடலையே?"

"எப்படிம்மா விடுறது? கை மேல போனா மூச்ச அடக்கித்தான் பழக்கம். விட்டா கோடு நெளிஞ்சிடும்."

சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தில் பிரஷ்ஷால் கோடு இழுக்கும்போது, கை எட்டும் தூரம் முடியும்வரை அவர் மூச்சு விடமாட்டார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். பாயில் உட்கார்ந்தும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார், பாவம்.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "இங்கதான் கோடே இல்லையே. நெளிஞ்சா யார் கேக்கப்போறா? விடுங்க."

விட்டார். பக்கத்துப் பாய்க்காரி திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பெரிய மூச்சு. அது போய்க்கொண்டிருக்கும்போதே கை ஒரு விரற்கடை மேலே ஏறியது. வலித்தது, ஆனாலும் ஏறியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்து, வியர்வை என்று சொல்லிக்கொண்டார்.

வெளியே குளிர் தளர்ந்து, மொட்டையாக நின்ற மரங்களில் துளிர் தெரிய ஆரம்பித்திருந்தது. நன்றி என்று சொல்ல ரசமட்டத்துக்கு நாக்கு வளையாது. மறுவாரம் உப்புத்தாளும் உளியுமாக முன்கூட்டியே வந்து, கூடத்தில் யாருமே திறந்து பார்த்திராத பெரிய ஜன்னலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வகுப்பு தொடங்கும்போது ஜன்னல் திறந்து கிடந்தது. பாய்கள்மேல் வெயில் விழுந்தது, தெருவின் பேச்சுச் சத்தமும் ஈரமண் வாசமும் உள்ளே வந்தன.

"இது கெட்டுப்போச்சுன்னுல்ல நெனச்சேன்!" என்றார் டீச்சர்.

"கெட்டெல்லாம் போகலம்மா. பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சு ஒட்டிக்கிச்சு. அவ்வளவுதான்."

மனைவியிடம் மட்டும் ஒருநாள் மனம் விட்டுச் சொன்னார். "நீ இழுத்துட்டுப் போகலேன்னா நான் டப்பாவோட டப்பாவா மூலையில கெடந்திருப்பேன்."

"இப்பவாவது ஒறச்சுதே" என்றார் மனைவி. ஆனால் அன்று பூராவும் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டது.

வசந்தத்தின் முதல் வேலை, ஒரு காலி வீட்டின் படுக்கையறை. மைத்துனன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். மேஸ்திரி வாசற்படியில் நின்று, வேண்டாத டப்பா ஒன்றைக் கலக்குவதுபோல் பாவனை செய்தார். ரசமட்டம் ஏறினார். கை இன்னும் முழுதாக மேலே போகாது. அதனால் இன்னொரு படியும் ஏறினார்.

"பிரஷ் தரட்டா மாமா?"

"இருடா."

மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே வலது கையை உயர்த்தினார். வெறும் உள்ளங்கையைச் சீலிங்கில் பதித்து, அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.