தம்பியின் இடது கால்

சலவை நிலையத்தில் அவளுக்கு இடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள்? அவள் ஈரத் துணியை உதறினால் தெருமுனைக்குக் கேட்கும், சிரித்தால் அடுத்த தெருவுக்கும் கேட்கும். அப்படிப்பட்டவள் ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். பாஸ் கிட்டார் அவளுடைய தம்பி, பாடுவது தம்பியின் சிநேகிதன். கல்லூரி விழா, கடைத் திறப்பு என்று கிடைத்த மேடையெல்லாம் ஏறி இறங்கிவிட்டு, ஒருவழியாக முதல் ஆல்பம் பதிவு செய்ய ஸ்டூடியோவுக்குள் நுழைந்தார்கள்.

அங்கேதான் வந்தது வினை. ஆளுக்கொரு அறை. இடிக்குக் கிடைத்தது ஜன்னல்கூட இல்லாத ஒரு பொந்து. ஹெட்போனில் பாட்டோடு சேர்ந்து மெஷின் ஒன்று டிக் டிக் என்று தாளம் சொல்லிக்கொண்டே இருந்தது. தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கக்கூடிய பாட்டு. அன்றைக்குப் பார்த்து ஓர் இடத்தில் நொண்டியது, இன்னோர் இடத்தில் தலைதெறிக்க ஓடியது. "இந்த ரூமே சரியில்ல" என்று வெளியே வந்தாள் இடி.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான் பாடகன்.

"வாய மூடுடா!"

ஒலிப்பதிவாளர் நல்ல மனுஷன்தான். "விடுங்கக்கா, டிரம்ஸை கம்ப்யூட்டர்லயே போட்டுக்கலாம். கேக்கறவங்களுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமே!"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் கிட்டார் கம்பியைப் பார்த்தான்.

"நானும் சரின்னுட்டேன்க்கா."

கூடப் பிறந்தவனே இப்படிச் சொன்னால் யாரிடம் போய் அழுவது? இத்தனை வருடம் அடித்த அடியெல்லாம் மேடையோடு போச்சு, ஆல்பத்தில் தனக்கு இடமில்லை என்று வீட்டில் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுது தீர்த்தாள்.

மறுநாள் வேலையில் பெரிய படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டியிருந்தது. ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையைக் கூட வேலை செய்யும் தோழி பிடித்தாள். பேச்சே இல்லை, தோழி கால் எடுத்து வைக்க, இவளும் வைத்தாள். விரிப்பு சுருக்கமில்லாமல் மடிந்தது. இடிக்குச் சுரீரென்று உறைத்தது. மேடையில் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு இடது காலால் தாளம் போடுவான். அவள் கண் எப்போதும் அந்தக் காலில்தானே இருக்கும்! ஸ்டூடியோ பொந்தில் எதைப் பார்ப்பாள், சுவரையா?

சாயங்காலம் ஸ்டூடியோவுக்குப் போனவள் தம்பியின் கையைப் பிடித்துத் தரதரவென்று தன் அறைக்குள் இழுத்துப் போனாள்.

"உக்காருடா. செருப்பக் கழட்டு. நீ ஒண்ணும் வாசிக்க வேணாம், கால மட்டும் ஆட்டு. சார், அந்த டிக் டிக்கை நிறுத்துங்க!"

"கால் சத்தம் மைக்ல விழும்க்கா" என்றார் ஒலிப்பதிவாளர்.

"விழட்டும்!"

இருவர் காதிலும் பாட்டு ஓடியது. அவன் கால் தரையைத் தட்டியது, அவள் அடித்தாள். நொண்டவும் இல்லை, ஓடவும் இல்லை. பாட்டு முடிந்ததும் பாடகன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து குதித்தான். தம்பி தலை நிமிரவே இல்லை.

"தப்புதான்க்கா."

"தெரியுதுல்ல? அடுத்த பாட்டுக்குக் கால ரெடி பண்ணு."

ஆல்பம் வெளியான அன்று சலவை நிலையத்தில் எல்லா மெஷின்களையும் நிறுத்திவிட்டுப் போட்டுக் கேட்டார்கள். முதல் பாட்டின் நடுவில் கிட்டாரும் டிரம்ஸும் அடங்கிய இடத்தில் மெதுவாக 'தப்... தப்...' என்று ஏதோ கேட்டது.

"என்னடி அது சத்தம்?" என்றாள் தோழி.

இடி அடுத்த தெருவுக்கும் கேட்கச் சிரித்தாள்.

"அதுவா? அது என் தம்பி."