ஜெயினுலாப்தீன் தள்ளிய சைக்கிள்

மும்பை தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் கடையநல்லூர் ஜெயினுலாப்தீனுக்கு இரண்டு விஷயங்களில் நல்ல பெயர். ஒன்று, அவர் தைத்த பையின் வார் அறுந்ததென்று இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை. இன்னொன்று சைக்கிள். விடலைப் பருவத்தில் முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன் என்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு குற்றாலம் வரைக்கும் ஒற்றைக் கையால் ஓட்டிப் போன கதையை அவர் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. போன நோன்புப் பெருநாளைக்குச் சொன்னபோது அந்த ஒற்றைக் கையையும் விட்டிருந்தார்.

உண்மை என்னவென்றால், ஜெயினுலாப்தீனுக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. அந்தக் குற்றாலப் பயணத்தில் அவர் கேரியரில் உட்கார்ந்திருந்த ஆள். மும்பைக்கு வந்த புதிதில் யாரோ கேட்டதற்கு வாய்தவறித் தெரியும் என்று சொல்லிவிட்டார். சொன்னதைக் காப்பாற்ற அப்போதிருந்து கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். தலை நரைத்த பிறகு வந்து, தெரியாது என்று எப்படிச் சொல்வது?

அவருடைய உயிர்ச் சிநேகிதர் இசக்கிராஜ். அதே ரயிலில் அதே பெஞ்சுக்கு அடியில் படுத்து மும்பை வந்தவர். இசக்கிராஜுக்குத் தொழில், சைக்கிளில் இட்லி விற்பது. கேரியரில் இட்லிச் சட்டி, ஹேண்டிலின் இருபுறமும் சாம்பார்க் கேனும் சட்னிக் கேனும். தாராவியிலிருந்து கிளம்பி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே கிங்ஸ் சர்க்கிள் பக்கத்துத் தெருக்களைச் சுற்றிவிட்டு வருவார். மனைவி அன்னத்தாய் இட்லி அவிப்பாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை அன்னத்தாய் போன் செய்தாள். "அண்ணே, அவுக பள்ளத்துல விழுந்துட்டாக. ஆஸ்பத்திரிக்கு வாங்க."

ஜெயினுலாப்தீன் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினார். வலது கையில் மாவுக்கட்டும் நெற்றியில் தையலுமாக இசக்கிராஜ் படுத்திருந்தார். கண்ணைத் திறந்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயினு, சாம்பாரு பூராம் போச்சுல."

"ஏல, ஒன் கை ஒடிஞ்சு கெடக்கு."

"கை சேந்துரும். சாம்பாரு சேருமா?"

பேசுகிற நிலைமையில் இருக்கிறான் என்று தெரிந்ததும் ஜெயினுலாப்தீனுக்குப் போன உயிர் வந்தது. அது வந்து உட்காருவதற்குள் அன்னத்தாயின் தம்பி வேலுச்சாமி பேச ஆரம்பித்தான். அவனுக்கும் செம்பூரில் இட்லி வியாபாரம்தான். ஆனால் அங்கே தெருவுக்கு நாலு பேர் ஹாரன் அடிக்கிறார்கள்.

"மாமா, நீங்க நிம்மதியா படுங்க. ஒங்க லைன நான் பாத்துக்கிடுதேன்."

லைன் என்பது இட்லிக்காரன் தினமும் போகிற வழி. அதற்குப் பட்டாவோ பத்திரமோ கிடையாது. தினமும் போவதுதான் பாத்தியதை. நாலு நாள் ஹாரன் சத்தம் கேட்காவிட்டால் சனங்கள் அடுத்த ஹாரனுக்கு இறங்கிப் போய்விடுவார்கள். அப்புறம் பழைய ஆள் போய் நின்றால், யாரப்பா நீ என்பார்கள். வேலுச்சாமியின் குரலில் அன்பு கொஞ்சம் அதிகமாகவே வழிந்தது.

இசக்கிராஜ் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒனக்கு எதுக்குச் செரமம். ஜெயினு பாத்துக்கிடுவான்."

"நானா?"

"பொறவு? ரெண்டு ஆள ஏத்திக்கிட்டுக் குத்தாலம் போனவன் நீதானல? ஒரு சட்டி இட்லி ஒனக்கு ஒரு பாரமா?"

அன்னத்தாய் கும்பிடாத குறையாகப் பார்த்தாள். வேலுச்சாமி சந்தேகமாகப் பார்த்தான். தெரியாது என்றால் லைன் போகும். தெரியும் என்றால் மானம் போகும். ஜெயினுலாப்தீன் வேலுச்சாமியை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அதெல்லாம் பாத்துக்கிடலாம்" என்றார்.

பட்டறை திறக்கப் பத்து மணியாகும். மறுநாள் விடிவதற்கு முன்பே வந்து நின்றார். சட்டியும் கேனும் ஏற்றிய சைக்கிளை, முட்டுகிற மாட்டைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"ஏறலியாண்ணே?" என்றாள் அன்னத்தாய்.

"சாம்பார் சிந்தும், தங்கச்சி. தெருமுக்குல ஏறிக்கிடுதேன்."

தெருமுக்கு வந்தது. அங்கே தெரிந்தவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சிக்னல் வந்தது. அங்கே பஸ் நின்றது. கிங்ஸ் சர்க்கிளும் வந்துவிட்டது. ஜெயினுலாப்தீன் ஏறவே இல்லை. வழி நெடுக பெடல் அவர் முழங்காலைத் தேடித் தேடி இடித்தது.

முதல் நாளே ஹாரனும் போயிற்று. தோலை இழுத்து இழுத்துப் பழகிய கை அமுக்கியதில் ரப்பர் பந்து கிழிந்துவிட்டது. விடுவாரா? பட்டறையில் உட்கார்ந்து நல்ல ஆட்டுத்தோலில் ஒரு பந்து தைத்து மாட்டினார். மறுநாள் அதை அமுக்கினால், பசித்த கன்றுக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். கிங்ஸ் சர்க்கிள் தெருக்களில் ஜன்னல்கள் திறந்தன. இட்லி வாங்காதவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாவது மாடி மகாதேவன், ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வேகமாக இறங்கி வந்தார். "என்னங்காணும் இது சத்தம்? இசக்கி எங்கே?"

விவரம் கேட்டுவிட்டு வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே நாலு இட்லி வாங்கினார். வீட்டில் அவருக்கு ஓட்ஸ் கஞ்சிதான். வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கித்தான் இட்லி தின்கிறார். இசக்கிராஜ் சிட்டாகப் பறந்துவிடுவதால் அதுவரை வாசலிலேயே நின்று, மேலே பார்த்து மேலே பார்த்து விழுங்க வேண்டியிருந்தது. ஜெயினுலாப்தீன் தள்ளிக்கொண்டு போகிறார் அல்லவா? கூடவே நடந்துகொண்டு, நிதானமாக, சட்னியை இரண்டு தரம் கேட்டு வாங்கித் தின்றார்.

"பேஷ்! வாக்கிங்கும் ஆச்சு, டிபனும் ஆச்சு. ஏன் ஓய், நீர் சைக்கிளில் ஏறுவதே இல்லையா?"

"சாம்பார் சிந்தும், சார்."

"நியாயம்தான்" என்றார் மகாதேவன். வாயில் இட்லி இருந்ததால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

லைன் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் வேலுச்சாமி மோப்பம் பிடித்துவிட்டான். ஒரு நாள் செம்பூரிலிருந்து வேண்டுமென்றே வந்து, கிங்ஸ் சர்க்கிளில் பின்னாலேயே சைக்கிளை உருட்டினான்.

"பாய், இப்ப ரோடு காலியாத்தான இருக்கு. ஏறி ஓட்டுங்க, பாப்போம்."

"முட்டி வலிக்கி, தம்பி."

அதில் பொய் இல்லை. பெடல் இடித்து இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. வேலுச்சாமி சிரித்துக்கொண்டே திரும்பிப் போனான்.

அன்றைக்கு ஜெயினுலாப்தீன் காலிச் சட்டியோடு வந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த இசக்கிராஜின் பக்கத்தில் வேலுச்சாமி உட்கார்ந்திருந்தான்.

"மாமா, இந்தப் பாய்க்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. காலிபீலி, சும்மா தள்ளிக்கிட்டுத் திரியுதாரு. நாளையிலேர்ந்து என்ட்ட குடுங்க."

அன்னத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயினுலாப்தீனுக்குக் காது சுட்டது. அத்தனை கல்யாண வீடுகளும் ஒன்றாக எழுந்து நின்று சிரிப்பதுபோல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "ஆமால, இசக்கி. எனக்குத் தெரியாது" என்றார்.

"அதான் எனக்குத் தெரியுமே" என்றார் இசக்கிராஜ்.

"என்னது?"

"வந்த புதுசுல ஒன் மொதலாளி சேட்டு ஒன்ட்ட சைக்கிளக் குடுத்து மாஹிமுக்கு சரக்கு அனுப்புவாருல்லா? ஒருநா பின்னாலயே வந்து பாத்தேன். ஆளில்லாத எடத்துலகூட நீ ஏறல. தள்ளிட்டேதான் போன."

"பொறவு ஏம்ல எவன்ட்டயும் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? குத்தாலக் கத நல்லாத்தான இருக்கு!"

ஜெயினுலாப்தீனுக்கு முதலில் வெட்கம் வந்தது. அப்புறம் கோபம் வந்தது. "சவத்துப் பயல, தெரிஞ்சுக்கிட்டேவா என்னயத் தள்ள வச்ச? என் முட்டியப் பாருல!"

இசக்கிராஜ் அவரை விட்டுவிட்டு வேலுச்சாமியைப் பார்த்தார். "ஓட்டத் தெரிஞ்சவன்ட்ட குடுத்தா லைன் அவங்கூடயே போயிரும். இவன்னா, எத்தன மாசம் ஆனாலும் தள்ளிட்டு வந்து என் வாசல்லதான் நிப்பாட்டுவான்."

வேலுச்சாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு செம்பூருக்குப் போனான். ஜெயினுலாப்தீன் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லிக்கொண்டு முகம் கழுவப் போனார். மறுநாளும் தள்ளினார். இப்போது மறைக்க ஒன்றும் இல்லாததால் கொஞ்சம் மிடுக்காகவே தள்ளினார்.

கை நன்றாகக் கூடி, டாக்டரும் சரி என்ற பிறகு, இசக்கிராஜ் திரும்பக் கிளம்பும் நாள் வந்தது. அன்னத்தாய் சட்டியை ஏற்றிக் கட்டினாள். வழியனுப்பும் சாக்கில் வேலுச்சாமியும் வந்து நின்றான். இசக்கிராஜ் ஹேண்டிலைப் பிடித்தார். காலைத் தூக்கினார். இறக்கிவிட்டார். மறுபடி தூக்கினார். பாதியிலேயே அது நின்றது. அடைமழைக் குளிரில் அவர் நெற்றித் தழும்பு வேர்த்து மின்னியது.

"என்ன மாமா, பயமா இருக்கா?" என்றான் வேலுச்சாமி.

மும்பை பஸ்களுக்கு நடுவே ஆயுள் பூராவும் வளைந்து வளைந்து ஓட்டிய மனிதர், பெடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பு எப்படிப்பட்டது என்று ஜெயினுலாப்தீனைவிட யாருக்குத் தெரியும்? அவர் விறுவிறுவென்று போய்க் கேரியரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏல வேலு, தொழில் பண்ணுத, இதுகூடத் தெரியலியே. சட்டி நெறைய இருக்கு. இப்ப ஏறினா சாம்பார் சிந்தாதா? இசக்கி, நீ முன்னால புடி. தள்ளிட்டே போவோம்."

இசக்கிராஜ் திரும்பிப் பார்த்தார். பிறகு ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தார். சைக்கிள் தெருமுக்கைத் தாண்டி, அன்னத்தாயும் வேலுச்சாமியும் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் மெதுவாகக் கேட்டார்.

"எத்தன நாளைக்குல இப்படித் தள்ளிட்டே போறது?"

"நான் முப்பது வருசமாத் தள்ளுதேன்" என்றார் ஜெயினுலாப்தீன். "ஒனக்கு என்னல அவசரம்? ஹாரன அடி."