கண்ணேறும் எலக்ட்ரானும்

எனக்குக் கைதட்டல் என்றால் கொள்ளை ஆசை. ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவளுக்கு யார் கைதட்டுவார்கள்? மணி அடித்தால்தான் பிள்ளைகள் முகமே மலரும். அதனால் எங்கள் ஊர் வைகாசித் திருவிழாவில் "ஆன்மிகமும் அறிவியலும்" என்று பேசக் கூப்பிட்டபோது, ஒரு வாரம் மெனக்கெட்டுத் தயார் செய்தேன்.

பந்தல் முழுக்கச் சாம்பிராணி வாசம். அணுவுக்குள் பெரும்பாலும் வெற்றிடம்தான் என்றேன். சிதம்பரத்தில் திரையை விலக்கிக் காட்டுவதும் வெட்டவெளிதானே என்றேன். கைதட்டினார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை. அந்த மிதப்பில், எழுதி வைக்காத ஒன்றையும் சொன்னேன். "எலக்ட்ரான் யாரும் பார்க்காதவரை ஒரு மாதிரி இருக்கும், பார்த்தால் மாறிவிடும். பார்வைக்கு அப்படி ஒரு சக்தி. நம் முன்னோர்கள் கண்ணேறு என்று சொன்னது இதைத்தான்!"

பந்தலே அதிர்ந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். முன் வரிசையில் என் தங்கை ஐந்து மாத வயிற்றோடு உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இதற்கு முன் இரண்டு தடவை அவளுக்குத் தங்கவில்லை. சொன்னது கொஞ்சம் அதிகப்படிதான் என்று அப்போதே எனக்குள் உறுத்தியது. கைதட்டல் சத்தத்தில் அதை நான் கண்டுகொள்ளவில்லை.

புரட்டாசித் தொடக்கத்தில், ஒரு மாதம் முன்னதாகவே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு காலாண்டுப் பரீட்சை, விடைத்தாள் என்று நாள் ஓடியது. வீடியோவில் கூப்பிட்டால் தங்கை கூரையைத்தான் காட்டினாள். மூன்று வாரம் கழித்து, தங்கை வாழ்க்கைப்பட்ட கிராமத்து நர்ஸ் எனக்குப் போன் செய்தார்.

"டீச்சர், உங்க தங்கச்சி பிள்ளைய யாருக்கும் காட்ட மாட்டேங்குறாங்க. எடை பார்க்கப் போனா கதவைச் சாத்துறாங்க. கொஞ்சம் வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை முதல் பஸ். வழியெல்லாம் சம்பா நடவு. வயல்களில் தண்ணீர் கட்டி நின்றது, அதில் வானம் இறங்கிப் படுத்திருந்தது. மேகத்துக்குள் குனிந்து பெண்கள் நாற்று நட்டார்கள். சூரியனிலிருந்து எட்டு நிமிடத்துக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம் அந்தத் தண்ணீரைத் தொட்டு என் கண்ணுக்குள் வந்தது. பார்க்கிறவள் எங்கே முடிகிறாள், பார்க்கப்படுவது எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. வகுப்பில் நடத்துகிற ஒளியியல் எல்லாம் அந்த ஜன்னலோரத்தில் கரைந்து போயிருந்தது. கண்டக்டர் ஊர் பெயரைக் கத்தியிராவிட்டால் அப்படியே போய்க்கொண்டிருப்பேன்.

வாசலில் தங்கையின் வீட்டுக்காரர் நின்றிருந்தார். "நீங்களாச்சும் சொல்லுங்கக்கா. என்னையே பாக்க விட மாட்டேங்குறா."

உள்ளே ஜன்னலுக்குச் சேலை கட்டி இருட்டாக்கியிருந்தாள். மடியில் ஒரு துணிப் பொதி.

"கிட்ட வராதக்கா."

"ஏண்டி, பைத்தியமா உனக்கு?"

"ஆஸ்பத்திரில ஒருத்தி ரெண்டு கிலோதானான்னு வாய்விட்டுக் கேட்டா. அன்னிலேருந்து இது சரியா பால் குடிக்கல. நீதானக்கா சொன்ன, பாத்தாலே மாறிடும்னு? படிச்சவ நீயே சொன்னப்புறம் நான் என்ன பண்ணுவேன்?"

பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்த ஆரம்பித்தேன். "எலக்ட்ரான் தம்மாத்தூண்டுடி. அதப் பாக்கணும்னா ஒரு வெளிச்சத்த மேல போட்டாகணும். அந்த வெளிச்சம் பட்டாலே அது ஆடிப் போயிடும். கண்ணுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அவள் பொதியைப் பார்த்தாள். "இதுவும் தம்மாத்தூண்டுதான்க்கா."

நான் கையை நீட்டினேன். அவள் பொதியை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு இப்படிச் சொல்லலியே நீ," என்றாள்.

"சொல்லல. கைதட்டுவாங்கன்னு அளந்து விட்டேன்."

"அவ்வளவு பேர் முன்னாடியா?"

"ஆமாடி," என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதேன். அக்கா அழுது அவள் பார்த்ததில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். அப்புறம், எடை பார்க்கலாம், ஆனால் எத்தனை கிலோ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்றாள்.

நர்ஸ் வந்து, தராசை உத்தரத்துக் கொக்கியில் மாட்டி, துணித் தொட்டியில் குழந்தையைப் படுக்க வைத்தார். முள் ஆடி நின்றது. நர்ஸ் என்னைப் பார்த்தார். சொல்லாமல் இருக்கவும் முடியாது, சொல்லவும் கூடாது. அப்போது எனக்கு எங்கள் அப்பா களத்தில் நெல் அளந்தது ஞாபகம் வந்தது. மரக்காலை முதலில் சாய்க்கும்போது அவர் ஒன்று என்று சொன்னதே இல்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார். நானும் தங்கையும் நெல் குவியலில் உட்கார்ந்து கூடவே கத்துவோம்.

"லாபம் எழுநூறு," என்றேன்.

ஒரு கிலோ எழுநூறு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "குறைஞ்சிருக்குல்லக்கா?"

"குறைஞ்சிருக்குடி."

எழுந்து போய் ஜன்னல் சேலையை ஒரே இழுப்பில் பிய்த்தாள். குழந்தையின் கன்னத்தில் வெயில் விழுந்தது. "வண்டிய எடுங்க," என்று புருஷனிடம் சத்தம் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மேலே விளக்கு, சுற்றிலும் எந்நேரமும் யாராவது ஒருவர் பார்த்தபடி. காலையில் எடையை உரக்கச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் தங்கை காதைப் பொத்திக்கொண்டாள். நாலாம் நாள் எடை நாற்பது கிராம் ஏறியது. அப்புறம் அவளே போய், "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பித்தாள்.

ஒரு மத்தியானம் நான் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றிருந்தபோது குழந்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்ததால் அது மாறவில்லை. அது என்னைப் பார்த்ததில் நான்தான் எங்கோ இடம் மாறிப் போனேன். இதற்கு என்னிடம் சூத்திரம் கிடையாது. தேடவும் போவதில்லை.

அடுத்த வைகாசியிலும் கூப்பிட்டார்கள். அதே பந்தல், அதே சாம்பிராணி. வெட்டவெளியைப் பற்றி மறுபடியும் பேசினேன், அதை விட எனக்கு மனசில்லை. முடிவில் சொன்னேன். "போன வருஷம் கண்ணேறைப் பற்றி நான் சொன்னது தப்பு. எலக்ட்ரானைப் பற்றிய ஒரு சேதியை எடுத்து மனுஷக் கண்ணில் ஒட்டினேன். அதனால் ஒரு குழந்தை சாகக் கிடந்தது. தயவு செய்து பிள்ளைகளை மறைக்காதீர்கள்."

ஒருவரும் கைதட்டவில்லை. மைக் மட்டும் கீச்சென்றது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

முன் வரிசையில் என் தங்கை எழுந்தாள். மடியிலிருந்த மகளை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அத்தனை கண்ணும் அந்தக் குழந்தை மேல். அது காலை உதைத்துச் சிரித்தது. கன்னத்தில் மட்டும், ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு.