குளிருக்குக் கட்டிய மூட்டை

ஆவூரில் பிறந்து வளர்ந்த பிளெஸ்ஸிக்கு வெயிலைப் பற்றி எல்லாம் தெரியும். இலுப்பூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பதினேழு வருடமாக விளையாட்டு ஆசிரியை. சித்திரை மாதத்து மைதானத்தில் எந்த மூலையில் எத்தனை மணிக்கு நிழல் விழும் என்று சொல்லுவாள். பிள்ளைகளுக்குத் தலை சுற்றினால் மோரில் உப்புப் போட்டுக் கொடுத்து உட்கார வைப்பாள். ஆனால் குளிர் என்றால் அவளுக்கு மார்கழிக் காலையில் ஸ்கூட்டி ஓட்டும்போது காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வது, அவ்வளவுதான்.

அது போதாது என்பது ஆறு வருடத்துக்கு முன்னால் கொடைக்கானலில் தெரிந்துபோயிற்று. சாரணியர் படைப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைக் கூடார முகாமுக்குக் கூட்டிப் போயிருந்தாள். இரண்டாம் நாள் விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பப் போனபோது கலைமதி என்கிற ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்திருக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. பெயரைக் கேட்டால் நாக்குக் குழறியது. ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இரண்டு நாளில் பிள்ளை தேறிவிட்டாள். ஊர் திரும்பியபோது அவளுடைய அம்மா பொன்னுத்தாய் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். கத்தவில்லை, திட்டவில்லை. "ஒங்கள நம்பித்தானே டீச்சர் அனுப்புனேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மகள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிளெஸ்ஸிக்கு மனசு ஆறியிருக்கும்.

அதற்கப்புறம் மலைப்பக்கம் முகாம் என்று சுற்றறிக்கை வந்தால், "எங்க பிள்ளைங்களுக்குப் பரீட்சை இருக்கு" என்று எழுதி அனுப்பிவிடுவாள். பொன்னுத்தாய் வீடு இருக்கிற தெரு வழியாகப் போவதையும் விட்டுவிட்டாள்.

இந்த முறை அப்படித் தட்டிக் கழிக்க முடியவில்லை. மாநில விருதுக்கான முகாம் ஜனவரியில் ஊட்டியில் என்று அறிவித்துவிட்டார்கள். மூன்று வருடமாக ஒவ்வொரு படியாகத் தேறி வந்த ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் அருணா கொஞ்சம் வாய்த்துடுக்கு. "மிஸ், அப்ப நாங்க இத்தனை நாள் முடிச்சுப் போடப் பழகுனது துணி காயப் போடவா?" என்று கேட்டுவிட்டாள். தலைமையாசிரியை புவனேஸ்வரியும் கூப்பிட்டுப் பேசினார். "ஒங்களுக்கு முடியலன்னா வேற டீச்சரைக் கேக்கவா?"

"வேண்டாம் மேடம். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள் பிளெஸ்ஸி.

போனில் தேடிப் பார்த்தாள். மலையேறுகிறவர்கள் உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் பை, காற்றடைத்த பாய், கண்ணாடி போல மின்னும் அவசரப் போர்வை என்று வரிசையாக வந்தன. நல்லதாக ஒரு பை வாங்கினால் அருணாவின் அப்பா கடலை மண்டியில் ஒரு வாரம் மூட்டை தூக்குகிற கூலி. மலிவானவற்றை வாங்கியவர்கள் போட்டிருந்த படங்களைப் பார்த்தால் அவை மழைக்கோட்டை விட மெல்லிசாக இருந்தன. போனை மூடி வைத்தாள். இந்த வட்டாரத்தில் குளிர் என்றால் என்ன என்று உடம்பால் அறிந்த ஆள் ஒருத்திதான். அவளைக் கேட்காமல் கடையில் போய் என்ன கேட்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் தெருவுக்குள் ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

கலைமதி புதுக்கோட்டையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், லீவுக்கு வந்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் சட்டென்று எழுந்து நின்றாள். பொன்னுத்தாய் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்து, "வாங்க டீச்சர்" என்றாள். குரலில் கோபமும் இல்லை, இனிப்பும் இல்லை.

"நான் அன்னைக்கே வந்திருக்கணும் அக்கா" என்றாள் பிளெஸ்ஸி.

"வந்திருக்கணுந்தான்" என்றாள் பொன்னுத்தாய். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

பிளெஸ்ஸி வந்த காரியத்தைச் சொன்னாள். கலைமதி நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "டீச்சர், அன்னைக்கு எம்மேல மூணு போர்வை கெடந்துச்சு. மேல குளிரவே இல்ல. முதுகுதான். அடியிலேருந்து யாரோ சூட்டை உறிஞ்சுற மாதிரி இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல அதுவும் தெரியாமப் போச்சு. சாயங்காலம் கபடி ஆடுன சட்டையோடயே படுத்துட்டேன், வேர்வை காயல. கீழ தார்ப்பாயும் ஒரு பெட்ஷீட்டுந்தான்."

இன்னும் ஒரு போர்வை எடுத்துப் போயிருக்க வேண்டும் என்றுதான் ஆறு வருடமாகப் பிளெஸ்ஸி நினைத்துக்கொண்டிருந்தாள். பிசகு மேலே இல்லை, கீழே.

"மழைக்காலத்துல ஆட்டுக்குட்டிக்கே சாக்கைக் கீழதான் போடுவோம், மேல போத்த மாட்டோம்" என்றாள் பொன்னுத்தாய், டீயை நீட்டியபடி. "இந்தத் தடவ என்னத்தக் கொண்டு போறீங்க?"

"தெரியலக்கா. எதை எடுத்தாலும் தாங்குமா தாங்காதான்னு இங்கிட்டு எப்படிப் பாக்குறது? நம்ம ஊர்ல ஏது அவ்வளவு குளிரு?"

பொன்னுத்தாய் மகளைப் பார்த்தாள். "கட்டுமாவடில ஒம் மாமன் ஐஸ் கம்பெனிலதான இருக்கான்?"

அடுத்த மூன்று வாரமும் பிளெஸ்ஸி பொருள் சேர்த்தாள். பிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் சுற்றி வரும் வெள்ளை ஃபோம் ஷீட்டைப் புதுக்கோட்டைக் கடைக்காரர்கள் குப்பையோடு ஒதுக்கி வைத்திருந்தார்கள். கேட்டதும் தூக்கிக் கொடுத்தார்கள். காதணி விழா, கல்யாணம், கோயில் திருவிழா என்று ஊரெல்லாம் கட்டி அவிழ்த்த ஃப்ளெக்ஸ் பேனர்கள் ஈரம் ஏறாத தரைவிரிப்பாயின. "யாரு மூஞ்சி மேலயோ படுக்கணுமா மிஸ்?" என்று பிள்ளைகள் சிரித்ததால் படம் தரையைப் பார்க்கும்படி விரிப்பது என்று முடிவாயிற்று. திருப்பூர்க் கழிவுத் துணி விற்கிறவரிடம் குளிருக்குப் போட, உடம்போடு ஒட்டிய உள்ளாடை கிடைத்தது. தையல்காரி அன்புமொழி, பஞ்சு போன்ற மெத்துப் போர்வைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று பக்கம் அடித்துப் பையாக்கிக் கொடுத்தாள். உள்ளே பழைய பாலியெஸ்டர் சேலையை வைத்துத் தைத்தது அவளே கண்டுபிடித்த யோசனை. பருத்திச் சேலை வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்றாள்.

பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், "கூடாரத்துக்குள்ள ஒரு சட்டியில கரி போட்டு வச்சா கதகதன்னு இருக்குமே டீச்சர்" என்றார்.

"அதை மட்டும் செய்யவே கூடாதுங்க. மூடுன எடத்துல கரிப்புகை ஏறுனா தூங்குன ஆளு எந்திரிக்கவே மாட்டாங்க" என்றாள் பிளெஸ்ஸி.

ஒரு சனிக்கிழமை அவளும் கலைமதியும் இரண்டு மூட்டையோடு பஸ் மாறி மாறிக் கட்டுமாவடிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. கடற்கரையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஐஸ் கம்பெனியில் பொன்னுத்தாயின் தம்பி ராக்கன் காத்திருந்தார். கட்டி கட்டியாக ஐஸ் அடுக்கிய அறையைத் திறந்து காட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இதுக்குள்ள மீனுதான் படுக்கும். டீச்சர் படுக்க வருவாங்கன்னு யாரு கண்டா? கதவைச் சாத்த மாட்டேன், ஒருக்களிச்சு வைக்கிறேன். நான் இங்கிட்டேதான் நிப்பேன்."

முதலில் கொடைக்கானலில் செய்தது போலவே தார்ப்பாய், பெட்ஷீட், மேலே மூன்று போர்வை. பிளெஸ்ஸி படுத்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கலைமதி வாசலில் நின்று பெயரும் தேதியும் கேட்டாள். இருபதாவது நிமிடத்தில் பிளெஸ்ஸிக்கு முதுகு மரத்துப்போயிற்று. ஒரு பிள்ளை ராத்திரி முழுக்க இப்படிக் கிடந்திருக்கிறாள் என்ற நினைப்பு வந்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது. எழுந்து வெளியே வந்து வெயிலில் நின்றாள். கலைமதி அவள் முதுகை ஒரு கையால் அணைத்துக்கொண்டு நின்றாள்.

உடம்பு பழைய நிலைக்கு வந்தபின் இரண்டாம் முறை. ஃப்ளெக்ஸ், அதன்மேல் நான்காக மடித்த ஃபோம், அதன்மேல் அன்புமொழி தைத்த பை. ஒரு மணி நேரம் ஆயிற்று. முதுகு வெதுவெதுப்பாகவே இருந்தது. பாதமும் தலையும்தான் குளிர்ந்தன. ஆளுக்கு ஒரு குரங்குக் குல்லாவும், படுக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளக் காய்ந்த காலுறை இரண்டு ஜோடியும் பட்டியலில் ஏறின.

"இப்பத் தேதி கேட்டா கரெக்டா சொல்றீங்க டீச்சர். பாஸ்" என்றாள் கலைமதி.

ஊட்டியில் காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவினது போல வெளுத்துக் கிடந்தது. பிளெஸ்ஸி விடிந்ததும் கூடாரத்துக்குள் புகுந்து ஒவ்வொரு பிள்ளையின் பிடரியிலும் கை வைத்துப் பார்த்தாள். ஒன்பதும் சூடு. "இன்னும் அஞ்சு நிமிசம் மிஸ்" என்று ஒருத்தி முனகியது அவளுக்குப் பாட்டுக் கேட்டது போல இருந்தது.

மூன்றாம் நாள் பிற்பகலில் நடைபயணம். ஓடையைத் தாண்டும்போது பாசி படிந்த கல்லில் அருணாவின் கால் வழுக்கிற்று. தண்ணீர் ஆழமில்லை, ஆனால் முழுசாக நனைந்து எழுந்தாள். காற்று வேறு அடித்தது. சற்று நேரத்தில் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. பட்டனைக் கழற்ற விரல் வளையவில்லை. முகாமுக்கு முக்கால் மணி நேர நடை.

பிளெஸ்ஸியின் தோளில் ஒரு பை எப்போதும் இருந்தது. நாலு பிள்ளைகள் போர்வையை விரித்து மறைத்துக்கொண்டார்கள். ஈரத்துணி முழுவதையும் களைந்து, பாலித்தீனில் சுற்றி வைத்திருந்த காய்ந்த உடுப்பை மாட்டி, குல்லாவை இழுத்துவிட்டு, அருணாவை ஃபோம் துண்டின்மேல் உட்கார வைத்தாள். பெரிய கறுப்புக் குப்பைப் பை ஒன்றில் கழுத்துவரை நுழைத்துத் தலையை மட்டும் வெளியே விட்டு, மேலே போர்வையைச் சுற்றினாள்.

"கையைத் தேச்சு விடவா மிஸ்?" என்றாள் ஒருத்தி.

"தேய்க்கக் கூடாது. ரெண்டு பேரு ரெண்டு பக்கமும் ஒட்டி உக்காருங்க. அருணா, ஒங்க வீட்டுல மொத்தம் எத்தன பேரு, பேரு சொல்லு."

அருணா குழறாமல் சொன்னாள். பிளாஸ்க்கிலிருந்து சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். தகவல் போய் முகாம் டாக்டர் வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் நடுக்கம் தணிந்திருந்தது. நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி வேண்டாம். இப்படியே கூட்டிட்டு வாங்க" என்றார். குப்பைப் பையைத் தொட்டுப் பார்த்து, "இது யாரு சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

பிளெஸ்ஸி பிளாஸ்க்கை மூடிப் பைக்குள் வைத்தாள். பிறகு பாறையில் உட்கார்ந்துகொண்டாள்.

ஒன்பது பேரில் ஏழு பேர் தேர்வானார்கள். கொடிச் சைகையில் கோட்டை விட்ட இருவரில் அருணாவும் ஒருத்தி. ஓடையில் விழுந்தபோது அழாதவள் பஸ்ஸில் கரூர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

பைகளையும் ஃபோமையும் வெயிலில் காயப்போட்டு பள்ளி ஸ்டோர் ரூமில் அடுக்கி வைத்தார்கள். அந்த வருடக் கார்த்திகையில் மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்து தாழ்வான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஜனங்களைப் பள்ளியில் தங்கவைத்திருக்கிறார்கள் என்று புவனேஸ்வரி போன் செய்தார். ஆவூரிலிருந்து கிளம்பிய பிளெஸ்ஸி, வழியில் ரோட்டை மறித்து ஓடிய தண்ணீர் வடியும்வரை நின்று, பள்ளிக்கு வந்து சேர மதியம் இரண்டு மணி.

வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தாள். பெஞ்சுகளை ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். ஈரச் சிமெண்டுத் தரையில் ஃப்ளெக்ஸ், அதன்மேல் ஃபோம், அதன்மேல் பைகள், எல்லாம் வரிசை தப்பாமல் கிடந்தன. பிள்ளை பெற்று இருபது நாளே ஆன ஒரு பெண்ணும் குழந்தையும் சுவரோரம் படுத்திருந்தார்கள். ஸ்டோர் ரூம் சாவிக்கொத்தைக் கையில் பிடித்தபடி அருணா, ஈரச் சேலையோடு உள்ளே வந்தவர்களிடம், "மொதல்ல துணிய மாத்துங்க ஆத்தா, அப்புறம் உக்காரலாம்" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள் பிளெஸ்ஸி.

அருணா சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல மிஸ். எல்லாம் போட்டாச்சு. டீ வருது, உக்காருங்க."

பிளெஸ்ஸி செருப்பைக் கழற்றிவிட்டு ஃபோமின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.