வடிவு மறைக்காத வயது

ஊசி போடும் அறையில் இருந்தேன். ஆஸ்பத்திரி வாட்ச்மேன் உள்ளே வந்து, "திருநெல்வேலியில இருந்து போன் வந்திச்சும்மா. வடிவு அக்கா போயிட்டாங்களாம்" என்றார். கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மஞ்சள் காமாலை என்று பெரியாஸ்பத்திரிக்குப் போனவள், எழுந்து வந்துவிடுவாள் என்றே இருந்தோம்.

சங்கரன்கோவிலில் கன்னியாஸ்திரி சிஸ்டர்மார் நடத்தும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துபோனவர்களில் நர்ஸ் சண்முகவடிவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனாலும் அவள் கல்யாணம் நின்றுபோனதைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் ஊர் வாய். நான் அவளோடு நர்ஸாகப் பக்கத்திலேயே இருந்தவள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் இத்தாலியிலிருந்து சிஸ்டர் ரோசா வந்தார். நல்ல டாக்டர். தமிழ் ஒரு சொல் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை. வடிவுதான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாஷையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டாள். நோயாளி வந்ததும் சிஸ்டர், "குவாந்தி ஆன்னி ஆ?" என்பார். எத்தனை வயது என்று அர்த்தம். நம்மவர்கள் அதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுவார்களா? "பெரிய மழை பெஞ்சு கம்மா ஒடைஞ்ச வருசம் நான் கைப்பிள்ள தாயி" என்பார் ஒரு பெரியவர். வடிவு கணக்குப் போட்டு, "ஆ செஸ்ஸாந்தா ஆன்னி" என்பாள். அவருக்கு அறுபது. கூட வந்தவர்கள் வயதை ஏற்றியோ இறக்கியோ சொன்னால் சிஸ்டர் விடமாட்டார். வயது தப்பினால் மருந்தும் தப்பும் என்று கடிந்துகொள்வார். தமிழ் எண்களை அவர் கற்றுக்கொண்டதே அவர்களைத் திருத்தத்தான்.

ஒருநாள் வடிவிடமே கேட்டார். "ஓ த்ரெந்தான்னி" என்று பட்டென்று சொன்னாள். முப்பது! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேலநீலிதநல்லூரில் அவள் வீட்டில், வருகிற வரனுக்கெல்லாம் இருபத்துநாலு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, இப்படியா ஒடைச்சுச் சொல்லுவ?" என்றேன்.

"அவங்க ஊர்ல வயசு ஆகுதுன்னு சொல்ல மாட்டாங்களாம். இத்தனை வருசம் எங்கிட்ட இருக்குன்னுதான் சொல்லுவாங்களாம். இருக்கதைத்தான சொல்லுதேன்" என்று சிரித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ராயகிரியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வாத்தியார். ஏற்கெனவே கோவிலில் வைத்துப் பார்த்திருந்தாள், அவளுக்கும் பிடித்திருந்தது. பெண் பார்க்கும் அன்று சிஸ்டரையும் என்னையும் அவளே ஆசையாகக் கூப்பிட்டாள். காப்பி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா வயதைக் கேட்டார். வடிவின் தாய்மாமா, "இருபத்துநாலு நடக்கு" என்றார். ஓரத்து நாற்காலியில் இருந்த சிஸ்டர், நோயாளியோடு வந்தவர்களைத் திருத்துவது போலவே விரலை ஆட்டி, "இல்லை, இல்லை. முப்பது" என்றார். உதவி செய்கிற நினைப்பு அவருக்கு.

மாமா சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "அந்தம்மா வெளிநாடு. நம்ம எண்ணிக்கை இன்னும் பிடிபடல" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டரின் முகம் சிவந்துபோனது. மாப்பிள்ளையின் அம்மா வடிவைப் பார்த்து, "நீயே சொல்லு தாயி" என்றார்.

'இருபத்துநாலு' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும். நான் கண்ணாலேயே கெஞ்சினேன். வடிவு நிமிர்ந்து, "சிஸ்டர் சொன்னது சரிதான் அத்தை. முப்பதுதான்" என்றாள்.

அவர்கள் கோபப்படவில்லை. "போயிச் சொல்லி விடுதோம்" என்று எழுந்தார்கள். அதற்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியாதா? அதன்பின் அந்த வீட்டுப் படியேறி எந்த வரனும் வரவில்லை. வெள்ளைக்காரி வாயால் கெட்டது என்று ஊர் பேசியது.

மறுநாள் காலை சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வடிவு அவரைத் தேற்றி அனுப்பிவிட்டு, மருந்து அறையில் என் தோளில் சாய்ந்து அழுதாள். பைத்தியக்காரி என்று நான் திட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தனை பேர் முன்னால அவங்கள ஒண்ணும் தெரியாதவங்களா ஆக்கிட்டு, நான் போய் மாலை மாத்திக்கிடணுமாக்கும்?" என்றாள்.

துட்டி வீட்டில் அவள் தம்பி சாவுப் பந்தலில் நின்றான். வந்தவர்கள் வழக்கம்போல், "என்ன வயசு?" என்று கேட்டார்கள். "முப்பத்தெட்டு" என்றான். பழக்கதோஷம்தான். ஆனாலும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. இனி யாரிடம் மறைக்க வேண்டும்? "நாப்பத்துநாலு" என்றேன் உரக்க. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது அவன் கணக்கில் விட்டுவிட்ட அந்த ஆறு வருடங்கள்தாம். கல்யாணத்தைக் கைவிட்டு அவள் காப்பாற்றி வைத்துக்கொண்ட வருடங்கள் அவை. உங்களில் எத்தனையோ பேர் உங்கள் பிள்ளையை முதன்முதலில் அவள் கையிலிருந்துதான் வாங்கினீர்கள். யாராவது கேட்டால் குறைத்துச் சொல்லாதீர்கள். சண்முகவடிவுக்கு நாற்பத்துநாலு வயது.