நெஞ்சளவில் அடித்த தகரம்

அந்தத் தகரத்தை மிளகு படர்ந்த கிளிசரிடியா மரத்தில், என் நெஞ்சளவு உயரத்தில், நானேதான் ஆணியடித்து மாட்டினேன். ‘இரசாயனம் கலவாத இயற்கைத் தோட்டம்’ என்று மூன்று மொழியிலும் பச்சை எழுத்து. சுத்தியலை எடுத்துத் தந்தவர் ஐயா. சண்டை ஓய்ந்திருந்த வருஷங்கள் அவை. மாத்தளைக்கு மேலே நாங்கள் இருந்த தோட்டத்தை வாசனைத் திரவியக் கம்பெனியொன்று குத்தகைக்கு எடுத்திருந்தது. ஐயா அதன் கள அதிகாரி. டவுன்காரர், ஆனாலும் நம் தமிழ் ஆள். நான் அவருக்குப் படிவம் நிரப்பும் உதவியாளர். தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து பேனா பிடிக்கப் போனவள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த மரம் நின்ற சரிவில் அம்மாவுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. பழைய நிர்வாகம் பயிரிட விட்டது. கம்பெனியின் விதிப்படி நடந்தால் வைத்துக்கொள்ளலாம், தவறினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்பா போன பிறகு அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். மலையில் வேலை முடித்து வந்து, சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்குவாள், தண்ணீர் ஓடக் கான் வெட்டுவாள், மழை இழுத்துக்கொண்டு வந்த மண்ணைக் கூடையில் அள்ளி மறுபடி மேலே கொண்டுபோய்க் கொட்டுவாள். புல்லைச் செதுக்க மாட்டாள், அறுப்பாள். வறட்சிக்குப் பிறகு கொடி மஞ்சளித்தால் மட்டும் அடியில் ஒரு பிடி யூரியா வைப்பாள். கேட்டால், “புள்ளைக்குக் காய்ச்சல்னா குளுசை குடுக்க மாட்டோமா?” என்பாள்.

முதல் மிளகு பறிக்கிற அன்று மரத்தடியில் இலை விரித்து, முதல் கொத்தை வைத்து, முத்துமாரியை நினைத்துக் கற்பூரம் ஏற்றுவது எங்கள் வழக்கம். அந்த வருஷம் ஐயா அன்றைக்கென்று பார்த்துப் படிவத்தோடு வந்தார். எங்கள் வீட்டு ரொட்டியையும் சம்பலையும் சாப்பிட்டுப் புகழ்ந்தார். மூன்று வருஷத்துக்குள் இரசாயன உரம் இட்டதுண்டா என்பது கேள்வி. பக்கத்துத் துண்டுக்காரர்களெல்லாம் முதல்நாளே ஆபீசில் வைத்து இல்லையென்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அம்மா எரிகிற கற்பூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயா அவள் பக்கத்தில் குந்தினார்.

“மறைக்காமச் சொல்லுங்கம்மா. இது நமக்குள்ளதான். ஒங்க மகள்தானே எழுதுது.”

“சாமி முன்னால இல்லைன்னு சொல்ல ஏலாதுங்க. ஒரு பிடி வச்சேன்.”

சும்மா ஒரு குறிப்புக்குத்தான், எழுதிக்கொள்ளுங்கள் என்றார் என்னிடம். எழுதினேன்.

பத்து நாளில் சிங்களத்தில் கடிதம் வந்தது. நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். விதியை மீறியதை ஒப்புக்கொண்டதால் நிலத்தைத் திரும்ப எடுக்கிறார்களாம். சாட்சியாக என் கையெழுத்திலிருந்த படிவத்தின் பிரதியைச் சேர்த்திருந்தார்கள். ஆபீசுக்கு ஓடினேன். ஐயா தலை நிமிரவில்லை. “நான் தோட்டத்தப் பார்க்கிறதில்ல தங்கச்சி. பேப்பரத்தான் பார்க்கிறேன்” என்றார். இல்லையென்று கையெழுத்துப் போட்டவர்களின் துண்டுகளையெல்லாம் கம்பெனி முன்பே விலை பேசி எழுதி வாங்கிவிட்டது, சரிவு முழுதும் ஒன்றாகக் கைக்கு வர அம்மாவினுடையதுதான் பாக்கி என்று அப்புறம் கிளார்க் சொல்லித்தான் தெரிந்தது. கற்பூரத்துக்கு முன்னால் அம்மா பொய் சொல்ல மாட்டாள் என்று எப்போதோ ஒருநாள் ஐயாவிடம் பெருமையடித்தவள் நான். கூட இருந்தே குழி பறித்தார் என்பார்கள். மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தது நான்.

பிறகு அம்மா அடுக்கிய கல்லெல்லாம் மிளகு காயவைக்கும் தளத்துக்குப் போனது. கானை மூடி நெருக்கமாக நட்டார்கள். புல்லை வேரோடு செதுக்கினார்கள். லக்கல ஊர்ப் பக்கத்து மாட்டெருவை லொறி லொறியாக அள்ளி வந்தார்கள். அங்கே வயலுக்கு என்ன மிஞ்சியதோ தெரியாது. ஒரு பிடி யூரியா வைக்கவில்லை, அது உண்மை. பரிசோதிக்க வந்தவர்களும் திருப்தியாகத்தான் போனார்கள். மண்ணில் என்ன போட்டாய் என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு பக்கம் நிறையக் கட்டங்கள். மண்ணிலிருந்து என்ன போனது என்று கேட்க ஒன்றுகூட இல்லை. இரசாயனம் இல்லாமல் பயிரிடுவது வேறு, நாளைக்கும் பயிரிட மண்ணை வைத்திருப்பது வேறு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அம்மாவிடம் சொல்லியிருந்தால் அந்த ஒரு பிடியையும் விட்டிருப்பாள். ஐயாவுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அம்மா அவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஒரே ஒரு தடவை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “அவரு கேட்டாரு, நான் சொன்னேன். எழுதினது யாரு?” என்றாள். அடுத்த நாளே வேலையை விட்டேன். அது அவளுக்கு எதையும் திருப்பித் தரவில்லை.

போன வருஷம் அந்தப் பக்கம் போனேன். கம்பெனி எப்போதோ போய்விட்டது. கான் ஓடிய இடம் ஆள் இறங்குகிற பள்ளமாகி, மரம் வேர் தெரிய நின்றது. தகரம் அப்படியே இருந்தது, என் தலைக்கு மேலே. மரத்தில் அடித்த ஆணி மேலே ஏறாது, தரைதான் இறங்கியிருந்தது. பச்சை எழுத்தை இன்னும் வாசிக்க முடிந்தது, அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பிடுங்கி எறிந்துவிடலாமென்று எக்கிப் பார்த்தேன். விரல் நுனி தகரத்தின் கீழ் விளிம்பைத் தொட்டது. ஆணி எட்டவில்லை.