ஓகே மாமு

வான்கூவரில் என்னோடு வேலை செய்யும் கிரெக் ஒரு நாள் என் கால்குலேட்டரை இரவல் கேட்டான். இருவரும் மழையில் நனைந்துகொண்டு படகில் உட்கார்ந்திருந்தோம். வாங்கிய கையோடு எதையோ தட்டினான், முகத்தைச் சுளித்தான், மறுபடி தட்டினான். பிறகு உடைந்த சாமானைத் திருப்பித் தருகிறவன் போலப் பதமாக என் மடியில் வைத்துவிட்டு, இதில் ஈக்வல்ஸ் பட்டனே இல்லையே என்றான். இல்லைதான். அது இல்லாமலேயேதான் இத்தனை வருடமாகக் கப்பல் கப்பலாக எடை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை. எனக்கோ நேர்மாறான தொல்லை. ஆபீசில் வேறு யாருடைய கால்குலேட்டரையாவது எடுத்தால், இரண்டு எண்களையும் அடித்துவிட்டுக் கடைசியில் கூட்டல் பட்டனை அமுக்கி, விடை வரும் என்று திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பேன். வராது. இந்த ஊரில் கணக்குகூட வேறு வரிசையில் நடக்கிறது என்று அலுத்துக்கொள்வேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரிவர்ஸ் போலிஷ் என்று இந்த முறைக்குப் பெயர். இரண்டை அடித்து என்டர் தட்ட வேண்டும், மூன்றை அடிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கூட்டல். உடனே ஐந்து வந்து நிற்கும். எண்கள் முதலில், அவற்றை என்ன செய்ய வேண்டும் என்பது கடைசியில். நடுவில் வரும் எண்களெல்லாம் நாலடுக்கு டிபன் கேரியர் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே காத்திருக்கும். எனக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. என் கூட்டாளி பாபுதான் தலையில் ஒரு தட்டு தட்டி ஏற்றினான்.

"ரெண்டையும் மூணையும் கூட்டுன்னுதான மாமு நம்ம சொல்றோம்? இது தமிழு மிஷினு. வெள்ளக்காரன் தெரியாம செஞ்சிட்டான்."

பாபுவும் நானும் தொண்ணூறுகளின் கடைசியில் ராயபுரத்தில் ஒரு மாடியில் இருந்த சின்ன சர்வே கம்பெனியில் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். சரக்கு ஏற்றும் முன்பு கப்பல் தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது, ஏற்றிய பின்பு எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது, அந்த வித்தியாசத்தை வைத்து உள்ளே இருக்கும் இரும்புத் தாது எத்தனை டன் என்று சொல்வது எங்கள் வேலை. படகில் கப்பலைச் சுற்றி வந்து அதன் முன்னாலும் நடுவிலும் பின்னாலும் எழுதியிருக்கும் எண்களைப் படிக்க வேண்டும். அலை வந்து எண்ணை மறைக்கும், விலகும், மறுபடி மறைக்கும். கடல் தண்ணீரை வாளியில் மொண்டு அதன் அடர்த்தியையும் பார்க்க வேண்டும். சட்டை, மூக்கு, மதியச் சோறு எல்லாவற்றிலும் சிவப்புத் தூள். பாபு படிப்பான், நான் எழுதிக்கொள்வேன். கணக்கைக் கையால் போட்டு முடிப்பதற்குள் கப்பல் கேப்டனின் ஆள் வந்து மேலே நின்றுகொண்டு அவசரப்படுத்துவான். அந்தப் பேஜாரு தாங்காமல்தான் பாபு பர்மா பஜாரில் இந்தப் பழைய கால்குலேட்டரை வாங்கினான். யாரோ ஒரு கப்பல்காரன் விற்றுவிட்டுப் போனது.

அதில் புரோகிராம் எழுதி வைக்கலாம். திருவொற்றியூரில் கடலோரம் இருந்த தன் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து பாபு எழுதினான். எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கணக்கு முடிந்ததும் அந்தச் சின்னத் திரையில் ஆங்கில எழுத்தில் 'ஓகே மாமு' என்று வரும், அதற்குப் பிறகுதான் எடை வரும். போட்ட எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் 'இன்னா மாமு' என்று கேட்கும். முதல் தடவை அது அப்படிக் கேட்டபோது நாங்கள் சிரித்த சிரிப்பில் படகுக்காரர் எங்களைப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார். பாபுவுக்கு உலகமே மாமுதான். நானும் மாமு, படகுக்காரரும் மாமு, டீக்கடைக்காரரும் மாமு. கட்டிய மனைவி அமுதாவையே அப்படித்தான் கூப்பிடுவான். அவள் பொய்க்கோபமாக, நான் இன்னா உன் தோஸ்தா என்று கேட்பாள்.

நிலக்கரிக் கப்பல்கள் எண்ணூர்ப் பக்கம் போகத் தொடங்கிய சமயத்தில் எனக்குக் கனடா விசா கிடைத்தது. கிளம்புவதற்கு முன்பு பாபு வீட்டுக்குப் போனேன். அமுதா வஞ்சிரம் வறுத்துப் போட்டாள். சாப்பிட்டு முடிந்ததும் பாபு கால்குலேட்டரை எடுத்து என் சட்டைப் பையில் செருகினான். ஆபீசில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, எனக்கு எதற்கு என்றான். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "அங்க உனுக்குப் பேச்சுத் தொணைக்கி யாரு கீறா? வெச்சிக்கோ" என்றான். பேட்டரி மாற்றும்போது மட்டும் சட்டுபுட்டென்று மாற்ற வேண்டும், பழையதைக் கழற்றிப் புதியதைப் போடாமல் விட்டுவிட்டால் உள்ளே எழுதியதெல்லாம் அழிந்துவிடும் என்று எச்சரிக்கையும் செய்தான். வாசலில் அவன் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் எச்சில் தட்டோடு.

வான்கூவரில் முதலில் பெட்ரோல் பங்கில் வேலை, பிறகு கிடங்கில், அதற்கும் பிறகுதான் பழகிய வேலை கிடைத்தது. இங்கேயும் கப்பல், படகு, நிலக்கரி. ஆனால் துறைமுகத்தின் தண்ணீர் செத்ததுபோல் அசையாமல் கிடக்கும், எண்களை யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். படகில் யாரும் யாரையும் கிண்டல் செய்வதில்லை. சரியாக எட்டு மணிக்கு வருவார்கள், வேலையைச் செய்வார்கள், போவார்கள். நல்லவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன்.

அந்த வேலையில் சேர்ந்த புதிதில்தான் பாபு போய்விட்டான். மஞ்சள் காமாலை. முதலில் நாட்டு மருந்து, பிறகு பெரிய ஆஸ்பத்திரி, எல்லாம் கை மீறிய பிறகுதான் எனக்கு போன் வந்தது. விடுப்பும் இல்லை, நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்பி வருவதற்கான காகிதமும் கைக்கு வந்து சேரவில்லை. போக முடியவில்லை. அன்றைக்கு ஒரு கப்பல் இருந்தது, வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்ய? படகில் உட்கார்ந்து எண்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஓகே மாமு என்றான். குனிந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதேன்.

கிரெக் பதறிப்போய் என்ன என்று கேட்டான். திரையைக் காட்டினேன். இதை எழுதிய என் நண்பன் இறந்துவிட்டான் என்றேன். ரொம்பவும் வருத்தப்பட்டான், என் முதுகில் கை வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, புரோகிராமுக்கு பேக்கப் எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டான். அவனுக்கு பேக்கப் எடுக்க முடியுமா என்றேன். எனக்கு அந்த வார்த்தை புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, பேக்கப் என்றால் என்ன என்று மெதுவாக, நிறுத்தி நிறுத்தி விளக்கினான். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன்.

அதற்குப் பிறகு பேட்டரி மாற்றுவதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. சுண்டுவிரலில் பாதி இருக்கும் நாலு பேட்டரிகள். புதியவற்றின் உறையைப் பிரித்து மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாற்றுவேன். திரை வந்ததும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பேன். அவன் பதில் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வரும்.

இரண்டு வருடம் கழித்து அமுதா போனில் கேட்டாள். தண்டையார்பேட்டையில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் தைத்துக்கொண்டு தனியாகத்தான் இருந்தாள், குழந்தையும் இல்லை. பாபுவின் கல்யாண போட்டோ இருக்கிறது, ரேஷன் கார்டில் பேர்கூட இன்னும் எடுக்கவில்லை, ஆனால் அவன் பேச்சு மட்டும் எங்கேயும் இல்லை என்றாள். "அந்த மிஷின்ல மாமுன்னு கூப்டுவாரே அண்ணா, அது இன்னும் கீதா? ஒரே ஒரு வாட்டி பாக்கணும்." இருக்கிறது, கொண்டு வருகிறேன் என்றேன்.

அந்த வருடம் தை மாதம் ஊருக்கு வந்தேன். விமானத்தில் அதைக் கைப்பையில்கூட வைக்காமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். திருவொற்றியூர் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போனேன். கடற்கரையில் கருங்கல் கொட்டியிருந்தார்கள், மற்றபடி தெரு அப்படியேதான் இருந்தது. அமுதா கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நினைவிலிருந்த ஒரு பழைய கப்பலின் எண்களைப் போட்டேன். ஓகே மாமு என்று வந்தது. அவள் திரையின்மேல் விரலை வைப்பதற்குள் எழுத்து போய் எடை வந்துவிட்டது. இன்னொரு வாட்டி என்றாள். போட்டேன். இன்னொரு வாட்டி என்றாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "நான் இன்னா உன் தோஸ்தா" என்று அந்தத் திரையைப் பார்த்துக் கேட்டாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

பேட்டரி இறங்கியிருந்தது, எழுத்து மங்கலாகத்தான் வந்தது. புழலில் அக்கா வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் தங்கிவிட்டு, வரும்போது ரிச்சி தெருவில் அந்த அளவு பேட்டரியைத் தேடி வாங்கி வருகிறேன் என்றேன். அதுவரை மிஷின் தன்னிடமே இருக்கட்டும் என்று அமுதா கேட்டாள். எப்படி மறுப்பது? எந்த பட்டனையும் அமுக்காதே, அது ஒன்றுதான் பயம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டுப் போனேன்.

ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கிப் பேட்டரியோடு திரும்பியபோது வீடு திறந்திருந்தது. அமுதா மொட்டை மாடியிலிருந்து குரல் கொடுத்தாள். மேலே போனேன். மிளகாய் வற்றல் பரப்பியிருந்த முறத்துக்குப் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் தட்டு. அதில் நாலு பேட்டரிகளும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"பட்டன் எதையும் தொடல அண்ணா. எய்த்து மங்கலா கீதேன்னு பேட்டரிய மட்டும் நேத்துலேந்து வெயில்ல வெச்சிகினு கீறேன்" என்றாள். முகமெல்லாம் சந்தோஷம்.

நம் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். டார்ச் மங்கினாலும் ரேடியோ கரகரத்தாலும் பேட்டரியைக் கழற்றி வெயிலில் வைப்போம், இன்னும் ரெண்டு நாள் ஓடும். நானே எத்தனையோ தடவை வைத்திருக்கிறேன். கனடாவில் யாரும் அப்படிச் செய்வதில்லை, செத்த பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவார்கள். அங்கே இருந்து இருந்து, இப்படி ஒரு பழக்கம் நமக்கு உண்டென்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

கீழே வந்து புதிய பேட்டரிகளைப் போட்டேன். மெமரி லாஸ்ட் என்று பளிச்சென்று வந்தது. அத்தனை தெளிவாக அந்தத் திரையை நான் பார்த்ததே இல்லை. எதையெதையோ தட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, வெறும் பூஜ்யம். அமுதா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய மிஷின், என்றைக்கு வேண்டுமானாலும் இப்படி ஆகும் என்றேன்.

"நான் கயட்னேனே, அதாலதான?" என்றாள்.

பொய் சொல்ல மனம் வராமல், ஆமாம் என்றேன். அவள் அழவில்லை, அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மிஷினைத் திருப்பி வைத்துக்கொண்டு ஓ, கே, எம் என்று ஒவ்வோர் எழுத்தாக நானே அடித்து அவள் முன்னால் நீட்டினேன். அதே எழுத்து, அதே திரை. நெடுநேரம் பார்த்தாள்.

"இது நீ சொல்றது அண்ணா. அவரு சொல்லல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மாடிக்குப் போய்த் தட்டை எடுத்து வந்தாள். பழைய பேட்டரிகளை முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு, இதைக் கழற்றியதால்தானே போயிற்று, அப்படியென்றால் இதற்குள்ளேதானே இருக்க வேண்டும் என்று கேட்டாள். இத்தனை வருடமாக அந்த மிஷினைக் கையாளும் எனக்கு அது எங்கே இருந்தது, எப்படி அழிந்தது என்று சொல்லத் தெரியும். சொல்லவில்லை. இருக்கும் அமுதா என்றேன். நாலையும் தன் குங்குமச் சிமிழ் இருந்த டப்பாவில் போட்டு மூடினாள். மிஷினை நீயே எடுத்துக்கொண்டு போ, உனக்கு அங்கே வேலைக்கு வேண்டும் என்றாள்.

திரும்பி வந்து நானே ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டேன். எண்களைக் கேட்கும், எடையைச் சொல்லும், அவ்வளவுதான். கணக்கு ஒரு டன்கூடப் பிசகுவதில்லை. பாபு எனக்குப் பேச்சுத்துணைக்கு என்று கொடுத்தது இப்போது ஊமையாக என் சட்டைப் பையில் கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அமுதாவுக்கு போன் செய்வேன். நான் சனிக்கிழமை சாப்பிட்டுப் படுக்கும் முன்பு பேசினால் அவளுக்கு ஞாயிறு காலை. போன வாரம் பேசியபோது அங்கே இன்னா மழையா அண்ணா, சத்தம் கேக்குதே என்றாள். மழைதான், ஒரு வாரமாக விடவில்லை என்றேன். "இங்க நல்ல வெயிலு. பேட்டரிய எடுத்து மாடியில வெச்சிகீறேன். அடுத்த வாட்டி வரும்போது மிஷின எடுத்தா" என்றாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, நல்லா காயட்டும் அமுதா, எடுத்துகினு வரேன் என்றேன்.